பாவின்மேல் விழுந்த பேனர்

விஞ்ஞானி கையில் மைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் நிரூபித்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் அல்ல, பட்டு நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில், நான் பிறந்து வளர்ந்த தெருவிலேயே.

எங்கள் தெருக்கோடி போர்வெல்லில் சாயக்கழிவு கலந்திருக்கிறது என்பது என் ஆய்வு முடிவு. அந்தத் தண்ணீரில்தான் பாதித் தெரு சோறு வடித்தது. என் கட்டுரையோ ஆங்கிலத்தில் வெளிவந்து ஆங்கிலத்திலேயே தூங்கியது. தெருவுக்கு நேரில் போய்ச் சொல்ல உதவுங்கள் என்று நான் வேலை செய்யும் ஆய்வு நிறுவனத்தில் கேட்டேன். அரைநாள் பயிற்சியும் ஆளுயரப் பேனரும் நிகழ்ச்சி அறிக்கைக்கு ஒரு படிவமும் கொடுத்தார்கள். பேனரில் நிறுவன இயக்குநரின் முகம் பூசணிக்காய் அளவு, போர்வெல் கடுகளவு.

"போட்டோல பேனர் தெரியணும் மேடம், அதான் முக்கியம்" என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. லீவு மட்டும் என் சொந்த லீவு.

போனது காலை ஏழு மணிக்கு. வெயில் ஏறுவதற்குள், தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டுப் பட்டு இழைகளான பாவு என்பதைத் தெருவில் இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள், அந்த நேரத்தில் தெரு பாவுக்குத்தான் சொந்தம் என்பது எங்கள் பகுதியில் தவழும் குழந்தைக்கும் தெரியும். (எனக்கும் தெரியும். பயிற்சி கொடுத்ததும் மறந்துவிட்டது.) அன்று ஏழுமலை அண்ணன் வீட்டு முகூர்த்தப் புடவைப் பாவு தெரு நீளத்துக்கு இருந்தது. பக்கத்தில் பேனரை நிறுத்தி, "அன்பார்ந்த பொதுமக்களே" என்றேன். காற்றடித்தது. இயக்குநர் பாவின்மேல் குப்புற விழுந்தார். இழைகள் பட்பட்டென்று அறுந்தன.

"இன்னாமா இது! படிச்ச பொண்ணு செய்ற வேலையா?" ஏழுமலை அண்ணன் தலையில் கைவைத்தார்.

அவர் மனைவி கமலா அக்கா திட்டவில்லை. "உக்காரு. நீ அறுத்தத நீயே முடிஞ்சிட்டுப் போ" என்றார்.

அவமானத்தில் காது சூடாக, ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து இழை முடிந்தேன். நாலு முடிச்சுப் போட்டால் மூன்று அவிழ்ந்தது.

"அப்படி இன்னாதான்மா சொல்ல வந்தே?" என்றார் அக்கா.

"அந்தத் தண்ணில சோறாக்காதீங்கக்கா. சாயக்கழிவு இறங்கிக்கினு இருக்குது."

"கொதிக்க வெச்சா?"

"கொதிக்க வெச்சாலும் போவாது."

எல்லார் கையும் நின்றது. குழந்தையைக் குளிப்பாட்டலாமா, பாத்திரம் கழுவலாமா என்று கேட்டார்கள். எந்தக் கருத்தரங்கிலும் என்னை யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கே அக்கா அந்தக் குழாயில் சிவப்புத் துணி கட்டினார். அதற்குப்பின் யாரும் அந்தத் தண்ணீரில் உலை வைக்கவில்லை.

பெண்களோடு இழை முடிந்த புகைப்படத்தை நிறுவனத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது: புகைப்படத்தில் பேனர் இல்லாததால் நிகழ்ச்சி நடந்ததாகக் கருத இயலாது. படிவத்தில் 'பயன்படுத்திய கருவிகள்' என்ற இடத்தில் 'அறுந்த இழைகள்' என்று எழுதி அனுப்பினேன். அதிலிருந்து நிறுவனத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன், பேனர் வேண்டாம், மக்களோடு உட்கார ஒருநாள் கொடுங்கள் என்று. பேனர்தான் வருகிறது. அம்மா மாடியில் இயக்குநரின் முகத்தில் வடகம் காயவைக்கிறார்.

இன்றும் சொந்தக்காரர் கல்யாணத்தில் நான் பேச எழுந்தால் போதும், பந்தியிலிருந்து யாராவது கத்துவார்கள்: "பாவச் சுருட்டுங்கப்பா, விஞ்ஞானி வந்துட்டா!"

சுருட்டட்டும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் உட்காருவதாக இல்லை.