உப்புமா ஆட்சி கவிழ்ந்தது

"தொழிலாளி மனசு வுட்டுப் போச்சின்னா, நிர்வாகம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்..." என்று தொழிற்சங்கத் தலைவரான என் அப்பா சுரங்க வாசலில் மைக் பிடித்துப் பேசியது நினைவிருக்கிறது. அந்த ஒன்று எது என்பது நினைவில்லை. சின்னப் பையனான நான் அப்போது ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு நிர்வாகம் என் மனைவி பொற்கொடி. சுரங்க அலுவலகத்தில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸும் அவள் பேரில். பஹ்ரைனிலிருந்து இருபது வருஷம் கழித்துத் திரும்பிய நான், பெட்டிகளோடு வந்திறங்கிய இன்னொரு பெட்டி. வாரத்தில் நாலு நாள் உப்புமா. கேட்க ஆளில்லை.

ஆட்சியைக் கவிழ்ப்பது என்று முடிவெடுத்தேன். முதலில் கூடவே இருக்கும் மாமியாரை என் கட்சிக்கு இழுத்தேன்.

"எத்தினி நாளு மாப்ள ரவையவே துன்னுகினு கெடக்கறது? பெத்த பொண்ணுன்னும் பாக்கமாட்டேன். ஓட்டு உங்களுக்குத்தான்."

மகள் இசைப்பிரியாவும் சாய்ந்தாள். "தினம் நூடுல்ஸ்னா சரிப்பா."

ஞாயிற்றுக்கிழமை ரகசிய வாக்கெடுப்பு. ஊறுகாய் ஜாடிதான் பெட்டி. மூன்றுக்கு ஒன்று என்பது என் கணிப்பு. கொட்டிப் பார்த்தால் நாலும் எனக்கே!

"நீயுமா?"

"நானுந்தாங்க. சமைச்சதும் நானு, திட்டு வாங்கினதும் நானு. எனக்கு மட்டும் அதிருப்தி வராதா?" சமையலறை அலமாரிச் சாவியை என் கையில் வைத்தாள்.

வெற்றி ஊர்வலமாக, தனியாளாக, பிளாக் முழுக்க சைக்கிளில் சுற்றினேன். எதிர்வீட்டுக் கொளஞ்சிநாதன் கைகுலுக்கினார். "அந்த ஜாடிய ஒரு நாளைக்குக் குடுங்க சார்."

திங்களன்று நான் வார்த்த தோசை கல்லை விட்டு வர மறுத்தது. செவ்வாயன்று இட்லியை மாமியார் தரையில் தட்டிப் பார்த்தார். தரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். புதனன்று வேறு வழியில்லை. உப்புமா.

வியாழன் காலை ஹாலில் கோஷம். மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கையில் தட்டும் கரண்டியும்.

"ஒழிகன்னு சொல்றேன்னு கோச்சிக்காதீங்க மாப்ள. ஓட்டு வேற, வயிறு வேற."

"நூடுல்ஸ் என்னாச்சுப்பா?"

நடுவில் சங்கத் தலைவியாகப் பொற்கொடி. கோரிக்கை மனுவில் பதினோரு அம்சம். முதலாவது, தலைவிக்குக் காலை ஆறு மணிக்குக் கட்டிலருகே காபி.

"மறுபடி ஓட்டு வெச்சிடலாமே" என்றேன்.

"நாலுக்கு நாலு வாங்கின நிர்வாகம் ஓடலாமாங்க? சுரங்க வாசல்ல மாமா பேசின அன்னிக்கு எங்கப்பாவோட நானும் வந்திருந்தேன். ஐஸ் வாங்கித் தரல. அதனால முழுசா கேட்டேன்."

"அந்த ஒண்ணு என்னது?"

பேனா மூடியைத் திறந்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடறது."

பதினோரு அம்சத்துக்கும் போட்டேன்.