பெக்குவுக்கு நான் நாள் பார்த்தேன்

"தன் காலுறை எங்க கிடக்குன்னே தெரியாத மனுஷன், நாய்க்கு நாள் பார்க்கப் போறாராம்!"

வயலில் குவித்திருந்த வெங்காயத்தாள் கட்டுகளுக்கு அந்தப் பக்கம் கேட்டது அந்தக் குரல். என் மனைவி ஒக்புன்தான். ஹேநாம் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டு ஹேநாம்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தப் பக்கம் நான் குனிந்து தாள் கட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் வெள்ளைப் பெட்டை நாய் பெக்கு பருவத்துக்கு வந்திருந்தது. கொரியாவில் எங்கள் ஜிந்தோ தீவுக்காரனுக்கு நாய்தான் கௌரவம். என் நண்பன் குவாக்கின் நாய் போட்டியில் பரிசு வாங்கிய வெள்ளை நாய். அதோடு பெக்குவைச் சேர்த்தால் பனிக்கட்டி மாதிரி குட்டிகள் பிறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒக்புனுக்கோ ஹேநாம்காரியின் மஞ்சள் ஆண் நாய் நூரி மேல் கண்.

"பரிசு வாங்கின நாய் பன்றி விரட்டுமா? நூரி விரட்டும்," என்பாள்.

அன்றே சபதம் எடுத்தேன். வாசற்கதவைப் பூட்டினேன். நூரி தலை தெரிந்தால் துடைப்பத்தோடு பாய்ந்தேன்.

எங்கள் தீவு நாய்கள் படுசுத்தம். பருவத்தில் ஒரு சொட்டு ரத்தம் கசிந்தாலும் நக்கித் துடைத்துவிடும். அதனால் தினமும் பல் துலக்குவதற்கு முன்பே, ஒற்றி எடுத்து நிறம் பார்க்க, வெள்ளைத் துணியோடு பெக்குவின் பின்னால் போய்விடுவேன். நான் குனிந்தால் அது உட்கார்ந்துவிடும். நான் நிமிர்ந்தால் எழுந்துவிடும்.

"ஏங்க, கல்யாணமான புதுசுல என் பின்னாடிகூட இப்படிச் சுத்தலையே!"

"கிண்டல் பண்ணாதே. இது விஞ்ஞானம்."

"சரிங்க விஞ்ஞானி, சோறு ஆறுது."

துணி நன்றாகச் சிவந்த நாளில் பெக்குவை குவாக் வீட்டுக்கு இழுத்துப் போனேன்.

"நாள் சரியாப் பார்த்தியாடா?"

"யாரைப் பார்த்துக் கேக்கறே?"

பெக்குவின் பல் பரிசு நாயின் காதில் பதிந்தது.

"மானஸ்திடா," என்றேன். எங்கள் ஊரில் பெட்டை நாய் கடித்தால் அது குணம். கடிக்காவிட்டால்தான் வம்சத்தை விசாரிப்போம். காதுக்கு மருந்து தடவிக்கொண்டே குவாக்கும் தலையாட்டினான்.

சில நாளில் துணியில் சிவப்பு மங்கி, வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வந்தது.

"முடிஞ்சது. அடுத்த பருவத்துல பார்த்துக்கலாம்," என்று பூட்டைக் கழற்றினேன்.

ஒக்புன் பெக்குவின் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். பெக்கு வாலை ஒருபக்கமாக ஒதுக்கியது.

"பாரு, என்ன அலட்சியம்!"

"ஆமாங்க, ரொம்ப அலட்சியம். பாவம், இத்தனை நாள் உழைச்சிருக்கீங்க. போய் ஒரு கிண்ணம் குடிச்சிட்டு வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளாகக் குடிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. நெகிழ்ந்துபோனேன்.

கள்ளுக்கடையில் குவாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கிண்ணத்தை டக்கென்று வைத்தான்.

"சிவப்பா இருந்தப்பவா கொண்டுவந்தே? அடப்பாவி! வெளுத்த பிறகுதான்டா ஒத்துக்கும். வாலை ஒதுக்குதா?"

"ஒதுக்குது."

"ஓடு! என் நாயை அவிழ்த்துட்டு வர்றேன்."

ஓடினேன். வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. முற்றத்தின் நடுவே பெக்குவும் நூரியும் ஆளுக்கொரு திசை பார்த்தபடி பிணைந்து நின்றன. ஒக்புனும் ஹேநாம்காரியும் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க. இப்பப் பிரிச்சா ரெண்டுக்கும் அடிபடும்," என்றாள் ஒக்புன்.

"உனக்கு எப்படி... இன்னைக்குத்தான்னு..."

"நீங்கதானே தினம் துணி எடுத்தீங்க? அதைத் துவைச்சது யாருங்க?"

ஹேநாம்காரி எனக்கும் ஒரு கிழங்கு நீட்டினாள்.

தெருமுனையில் குவாக்கும் அவன் நாயும் மூச்சிரைக்க ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகை அழுத்தி நின்றுகொண்டேன்.