இன்னும் சூடாகவில்லை

நம்மிடையே சத்தந்தேடி என்றோர் இனம் உலவுகிறது. பார்த்தவுடன் இசையமைப்பாளர் என்று ஏமாந்துவிடாதீர்கள். இசையமைப்பாளர் பாட்டுப் போடுவார். சத்தந்தேடி, பாட்டுக்கு வேண்டிய சத்தத்தைத் தேடுவார். அதற்கே ஒரு ஆயுசு போதவில்லை. பாட்டுக்கு எங்கே போவது?

நான் சொல்லும் சத்தந்தேடி பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையானால், ஒருகாலத்தில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்குலம் அங்குலமாகப் பிடித்த அறை அது. உள்ளே ஏழு சிந்தசைசர்கள், அதாவது மின்சாரத்தில் சத்தம் பிறப்பிக்கும் கட்டைப் பெட்டிகள். மூன்று அவரைவிட மூத்தவை, இரண்டு பேசாதவை, ஒன்று மழை பெய்தால் மட்டும் அரை சுருதி இறங்கிப் பேசும். ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வந்தபோது "இதுதான் கடைசி" என்ற உறுதிமொழியோடுதான் வந்தது.

"இந்தச் சத்தமெல்லாம் இப்போ லேப்டாப்லயே வருதாமே?" என்று வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். "வரும். சூடு வராது" என்பார். பழைய மெஷினைப் போட்டால் அரை மணி நேரம் சூடாக விடவேண்டும். அப்போதுதான் சுருதி நிற்கும். நின்ற பிறகும் லேசாக நழுவும். அந்த நழுவலுக்குப் பெயர் உயிராம். நீங்களோ நானோ நழுவினால்? அபசுரம்.

"சூடு சூடுங்கறீங்களே, இஸ்திரிப் பெட்டி மாதிரியா?" என்பாள் மனைவி.

"உனக்குச் சொன்னாப் புரியாது."

இப்படிப்பட்டவரிடம்தான் பத்து வயது மகள் வந்து நின்றாள். "அப்பா, பள்ளிக்கூட நாடகத்துல நிலா மேலே வர்றப்போ ஒரு நிமிஷம் மியூசிக் வேணும். எங்கப்பா போடுவார்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

பத்து நாள் இருந்தது. முதல் ஸ்வரத்துக்கே நான்கு நாள் போயிற்று. வளர்பிறையா, தேய்பிறையா என்று தெரியாமல் எப்படி விசையை அழுத்துவது? ஐந்தாம் நாள் ஒரு ஒயர் மக்கர் பண்ணியது. அதற்கடுத்த இரண்டு நாளும் இணையத்தில் பிறர் போட்ட நிலாக்களைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

தினமும் கதவிடுக்கில் ஒரு தலை தெரியும். "ஆச்சாப்பா?"

"சூடாகட்டும்மா."

"நேத்தும் அதையேதானே சொன்னீங்க?"

ஒன்பதாம் நாள் தலை தெரியவில்லை. பிள்ளைக்குப் பொறுமை வந்துவிட்டது என்று பூரித்துப்போனார்.

நாடகத்தன்று, மகளிடம் சொல்லவேண்டிய சாக்கை மனப்பாடம் செய்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நீல வெளிச்சம். அட்டை நிலா கயிற்றில் ஏறியது. கூடவே ஒரு மெட்டும் ஏறியது. மெல்லிசாக, ஒவ்வொரு ஸ்வரத்திலும் வழுக்கி, மூச்சு வாங்கி, மறுபடி நிமிர்ந்து.

சத்தந்தேடி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா அந்த நழுவலை? இதான் சூடு! நாப்பது வருஷத்து மெஷின். யார்கிட்ட இருக்கு இது?"



திரை விழுந்ததும் மகளிடம் ஓடினார். "கண்ணு, அது எந்த மெஷின்?"

அவள் பையிலிருந்து எடுத்தாள். சிவப்புப் பிளாஸ்டிக், எட்டுக் கட்டை, ஓரத்தில் ஒரு வாத்துப் படம். "பேட்டரி தீரப்போகுதுப்பா, அதான் இழுக்குது. எனக்கு மூணு வயசுல நீங்கதானே வாங்கிக் கொடுத்தீங்க?"

அவர் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். பொம்மையை இரு கையாலும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "புது பேட்டரி மட்டும் போட்டுடாதேம்மா!"

"நீங்களே வெச்சுக்கங்க. அடுத்த நாடகத்துக்கு டீச்சரே மியூசிக் போடறாங்களாம்."

இப்போது பின்னறையில் மெஷின்கள் எட்டு. சரியான அளவுக்குக் களைத்துப்போன பேட்டரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நல்ல மேஜை கிடைத்ததும் எழுத உட்காரப்போகிற நீங்கள், நல்ல செருப்பு வாங்கியதும் நடக்கக் கிளம்பப்போகிற நீங்கள், சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது? ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் தினமும் "ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல், இந்த வாரம் கேட்டதா?