மூத்த மகள் பக்கம் முதலை

நான் இதுவரை இலங்கையை விட்டு வெளியே போனதில்லை. என்னிடம் கடவுச்சீட்டுக்கூட இல்லை. ஆனாலும் ஒருமுறை, பாரிஸில் பத்து வருடமாக வாழ்ந்துவந்த ஒரு பெண்ணுக்கு, அவர் ஊரில் என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன என்று நான் விளக்கமாக எச்சரித்திருக்கிறேன். அதுவும் கையில் எழுதி வைத்துக்கொண்டு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டியில் சுற்றுலாத்துறை டிப்ளோமா ஒன்றை முடித்துவிட்டு, ஹட்டன் நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த பயண முகவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் காலையில் றொசல்லையில் ரயில் ஏறும்போதே கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொள்வேன். (அலுவலகத்தில் இருந்ததே நானும் முதலாளி குணம் அண்ணனும்தான். அட்டையைப் பார்த்துத்தான் என்னை அடையாளம் காண வேண்டிய நிலையில் அவர் இல்லை.)

ஒரு வியாழக்கிழமை ரீட்டா டீச்சர் மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்தார். டயகமவில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் அங்கே தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து கொடுத்தவர். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவர் டொக்டரையா. டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"எங்களுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. பேபி பாரிஸ்ல இருக்கா. நிர்மி அமெரிக்காவுல, புளோரிடா பக்கம். ரெண்டு பேருமே வாங்க வாங்கன்னு கூப்புடுறாங்க. எனக்கு இந்த முழங்காலோட ஒரு தடவதான் போக ஏலும். எங்க போறதுன்னு ஐயாகிட்ட கேட்டா, ரெண்டு ஊர்லயும் சின்னப் புள்ளைங்க விளையாடுற பெரிய பார்க் இருக்காமே, எந்த பார்க் நல்லாயிருக்கோ அங்க போவோம்ங்கிறாரு."

"அதுக்கென்ன டீச்சர்," என்றார் குணம் அண்ணன். "நம்ம தங்கச்சி இதுக்கே படிச்சவங்க. ஞாயித்துக்கிழம வீட்டுக்கே வந்து ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுவாங்க."

அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர், எந்த நாட்டுக்குப் போவது என்பதை ராட்டினத்தையும் சறுக்கலையும் வைத்து முடிவு செய்கிறார்கள் என்றால் அதில் வேறு ஏதோ இருக்கிறதென்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கும் ஆசை இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஆராய்ச்சி செய்தேன். இந்த விஷயத்தில் என் சொந்த அனுபவம், நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் போடும் ராட்சத ராட்டினத்தில் ஒருமுறை ஏறியதுதான். (ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அதனால் அதையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.) இணையத்தில் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. இரண்டு நாட்டிலும் அதே மாதிரிக் கோட்டை. அதே மாதிரி ஊர்வலம், அதே வாணவேடிக்கை. கோட்டையின் படத்தை வைத்து இது பாரிஸா அமெரிக்காவா என்று ஊகித்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து தவறு.

கடைசியில் எப்படியோ பிரித்துவிட்டேன். பாரிஸில் இரண்டு பார்க் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு மூன்று நாள் போதும். ரயில் வாசலுக்கே போகிறது. குளிரும் மழையும் உண்டு. புளோரிடாவில் நான்கு பார்க். ஒரு வாரம் இருந்தாலும் போதாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு வாகனத்தில்தான் போக வேண்டும். கடும் வெயில், மத்தியானம் இடிமழை, சீசனில் சூறாவளி, அந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டிப்ளோமாவில் ஒரு பாடம் படித்திருந்தேன்: வாடிக்கையாளரிடம் இடங்களைப் பற்றிப் பேசாதீர்கள், அவர்களுடைய மனிதர்களைப் பற்றிப் பேசுங்கள். எனவே இரண்டு தாள்களிலும் நாட்டின் பெயரை எடுத்துவிட்டேன். பாரிஸ் தாளுக்கு மேலே 'இளைய மகள் பக்கம்' என்றும், அமெரிக்கத் தாளுக்கு மேலே 'மூத்த மகள் பக்கம்' என்றும் அழகாகச் சிவப்பு மையில் எழுதினேன். பாரிஸில் இருப்பது பேபி. பேபி என்றால் இளையவர்தானே?

(இல்லை. பேபிதான் மூத்தவர். முதல் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வைத்த வீட்டுப் பெயர், ஆளுக்கு நாற்பது வயதான பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்ல!)

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் டயகம போய்ச் சேரும்வரை இரண்டு தாள்களையும் மனப்பாடம் செய்தேன். டீச்சர் கேக் வெட்டி வைத்திருந்தார். மேசையில் ஒரு பிஸ்கட் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, இரண்டு மகள்களையும் ஒரே அழைப்பில் எடுத்திருந்தார். திரையில் இரண்டு பெண்கள்: ஒருவர் கண்ணாடி போட்டவர், ஒருவர் போடாதவர்.

"இது பேபி, இது நிர்மி," என்றார் டீச்சர். கண்ணாடி போட்டவர் நிர்மி. கண்ணாடி போட்டிருந்ததால் அவரே மூத்தவர் என்ற என் முடிவு இன்னும் உறுதியானது.

டொக்டரையா மட்டும் போனுக்கு முன்னால் வரவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டதற்கு, "சொல்லுங்க மிஸ், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார். காது கேட்பதற்கு அந்தப் பக்கம் வசதியாக இருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "முதல்ல இளைய மகள் பக்கம். ரயில் பார்க் வாசலுக்கே போகும். நல்லாக் குளிரும், கம்பளிச் சட்டை கட்டாயம்."

"இங்க ட்ரெயினா?" என்றார் நிர்மி. "எங்க போனாலும் கார்தான். விடியக்காலையே வேர்த்து ஊத்துது, நீங்க கம்பளிங்கிறீங்க?"

"உங்க பக்கத்த சொல்லலீங்க அக்கா. உங்க தங்கச்சி பக்கத்த சொல்றேன்."

"எந்தத் தங்கச்சி?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா தங்கைக்குள் இப்படிப்பட்ட கேலி எல்லா வீட்டிலும் உண்டுதானே. நிர்மி சிரிக்கவில்லை. பேபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து டொக்டரையாவின் குரல் வந்தது.

"அது கெடக்கட்டும் மிஸ். மூத்தவ இருக்கிற பக்கம் எப்புடி?"

கேட்ட விதத்தில் ஓர் அவசரம் இருந்தது. ஆளுக்கு ஆர்வம் வந்துவிட்டது, விடக்கூடாது என்று இரண்டாவது தாளை எடுத்தேன்.

"மூத்த மகள் பக்கம் நாலு பார்க் ஐயா. பெரிய இடம். ஆனா கொஞ்சம் கவனம் தேவ. வெயில் ரொம்பக் கடும். மத்தியானத்துல இடி விழும்."

டொக்டரையா மெல்லத் தலையைத் திருப்பினார். "இடியா?"

"சீசன்ல சூறாவளியும் வரும். வீட்டுக் கூரையெல்லாம் போயிரும்."

"அங்கயா அந்தச் சின்னப் புள்ள இருக்கு?"

"அதைவிட முக்கியம், குளத்துப் பக்கம் போகக் கூடாது. முதலை இருக்கு. தண்ணி ஓரத்துல போகாதீங்கன்னு போர்ட் போட்டிருக்காங்க."

"முதலையா?" என்று பேபி அலறினார். அந்த நொடியில் டயகமவின் சிக்னல் போனது. பேபியின் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது: வாய் முழுசாகத் திறந்து, கண் பிதுங்கி.

டொக்டரையா திரும்பிப் பார்த்தார். அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி கீழே விழ எழுந்து வந்தவர், இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"பேபி! பேபி! அப்பா பேசுறேன்! புள்ளைய தண்ணிப் பக்கம் விடாத! புள்ள எங்க? பேபி, கேக்குதா?"

கேட்கவில்லை. அவர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். சிக்னல் தேடி முற்றத்தைத் தாண்டி, காலில் செருப்பில்லாமல், வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினார்.

உள்ளே டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு மனம் உடைந்துவிட்டது. தகவலைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சர், பயப்படாதீங்க," என்றேன். "வேலி போட்டிருக்காங்க."

"ஒம்போது வருசம், புள்ள," என்றார் டீச்சர். "ஒம்போது வருசமா அவரு அந்தப் பேரச் சொல்லல."

எந்தப் பேர் என்று எனக்கு விளங்கவில்லை. முதலையா?

"அங்க போய் வேற சமயத்துப் பையன கட்டிக்கிட்டான்னு அவகூட பேச்ச நிப்பாட்டிட்டாரு. 'மூத்தவ'ங்கிறதோட சரி. பேபின்னு வாய் வராது. புள்ள பொறந்து ஏழு வயசாச்சு, போன்ல கூட மொகம் காட்டல. எந்த பார்க்னு பாத்து முடிவெடுப்போம்னு அவரு சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு. அவளப் பாக்கப் போகணும்னு கேக்க வெக்கம். பார்க் அங்கதான் நல்லாயிருக்குன்னு யாராச்சும் சொன்னா, போயிட்டு வரலாம்னு பாத்தாரு."

நான் கேக்கை மென்றுகொண்டே தலையாட்டினேன். பிறகுதான் அந்தச் சொல் தலைக்குள் போய் உட்கார்ந்தது. மூத்தவ. பேபி. பாரிஸ். மடியில் இருந்த தாளைப் பார்த்தேன். சிவப்பு மையில் 'மூத்த மகள் பக்கம்' என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டிப்ளோமாவில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். டொக்டரையா மேட்டில் நின்றார். சிக்னல் கிடைத்துவிட்டது. கத்தலை விட்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "சாப்ட்டியா?" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் ஏதோ பாடிக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது கால் முழுக்கச் சேறு. முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. "ரீட்டா, நாம பாரிஸுக்குத்தான் போறோம்," என்றார். "புள்ள அங்க முதலைங்களுக்கு நடுவுல கெடக்கு. பேபி அதெல்லாம் இல்லங்கிறா. நாம பயப்படக் கூடாதுன்னு மறைக்கிறா."

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு எழுந்து நின்றேன்.

"டொக்டரையா, மன்னிச்சிருங்க. தாள் மாறிப் போச்சு. பாரிஸ்ல முதல இல்ல. அதெல்லாம் அமெரிக்காவுல."

திட்டப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். (எனக்கு அது பழக்கமானதுதான்.) அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நிர்மிக்கு போனப் போடு!"

நிர்மி இணைப்பில் வந்து, "அப்பா, நான் ஆறு வருசமா இங்கதான் இருக்கேன்," என்று சொல்லும்வரை அவர் உட்காரவில்லை. அதன் பிறகு நிர்மி என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இந்த வீட்டுல நான்தான் தங்கச்சி," என்றார்.

டிக்கட், விசா எல்லாவற்றையும் பேபியே அங்கிருந்து பார்த்துக்கொண்டார். எங்கள் அலுவலகத்துக்கு அதில் ஒரு வேலையும் வரவில்லை. குணம் அண்ணன் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டார். "தங்கச்சி, நீங்க நல்ல புள்ள," என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும் பேச்சு எங்கே முடியும் என்று தெரிந்ததால், அட்டையை நானே கழற்றி மேசையில் வைத்தேன்.

ஆறு மாதம் கழித்து டொக்டரையாவும் டீச்சரும் பாரிஸிலிருந்து திரும்பி, சொக்லேட்டோடு றொசல்லையில் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பார்க் எப்புடி ஐயா இருந்துச்சு?"

டொக்டரையா உண்மையாகவே குழம்பிப்போய் டீச்சரைப் பார்த்தார். "எந்த பார்க்கு?"

தொண்ணூறு நாளும் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் கூட்டிக்கொண்டு வருவதுமாக இருந்திருக்கிறார். சனி ஞாயிறில் மருமகனோடு சந்தைக்கு. அந்தக் கோட்டையை அவர் பார்க்கவே இல்லை.

நான் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று தெரிந்ததும், டீச்சர் அன்றைக்கே தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுக்கும் பரீட்சைக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தார். எழுதினேன், கிடைத்தது. பூண்டுலோயா பக்கம் ஒரு பாடசாலை. எட்டு வருடமாகிறது. எனக்கு அவர்கள் கொடுத்த பாடம் புவியியல்.

எந்த நேர்முகத்திலும் யாரும் டயகமவைப் பற்றிக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பாடசாலை விட்டு வந்து, சுருட்டிய உலகப் படத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்தும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து கேட்பார்:

"இன்னைக்கு எந்த நாட்டத் தூக்கி எங்க வச்சிட்டு வந்த?"