வெற்றிலை அச்சும் வடலூர்ச் சம்பந்தியும்

மஞ்சக்குப்பம், கடலூர்
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் ராமாமிர்தம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் ஞானசேகரன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. சிதம்பரத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளுமாவது நடராஜர் புண்ணியத்தில் நன்றாக இருங்கள். போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று கேட்பீர்கள். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இது உங்கள் தங்கை ராஜாமணி காதுக்குப் போகக் கூடாத விஷயம். நம் இசைவாணியின் கல்யாணமே இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது மச்சான்.

வடலூர் மணவாளன் வீட்டுச் சம்பந்தத்தை முடித்துவைத்தவர் நீங்கள். அவர் மகன் செம்பியனுக்கு நம் பெண்ணைப் பேசிய அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சீர் செனத்தி எதுவும் வேணாங்க. நாங்க வள்ளலார் வழி. ஒரு உசிரை வதைச்சு எடுத்த பொருள் எதுவும் கல்யாண காரியத்துல வரக் கூடாது. அவ்ளோதான்." அதனால்தான் பட்டு வேண்டாம், கூறைப்புடவையே பருத்தியில் எடுப்பது என்று முடிவானது. மீன் வாசனையிலேயே பிறந்து வளர்ந்த நானும் அன்றோடு மீனை விட்டேன். துறைமுகப் பக்கம் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறேன், நாற்றத்துக்காக அல்ல, ஆசைக்காக. "எங்க மச்சான் சொன்ன சொல்லு மாற மாட்டாரு, நான் கேரண்டி" என்று அந்தச் சபையில் சொன்னதும் நீங்கள்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனால், அன்னமும் மயிலும் முட்டிக்கொள்கிற பழைய டிசைன்களையே காட்டினார்கள். ஒரே பெண், கையால் ஏதாவது செய்வோமே என்று தோன்றியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது, தோன்றிவிட்டது. உள்ளே வாசகம் மட்டும் அச்சகத்தில் அடித்துக்கொண்டு, மேல் அட்டைக்கு வீட்டுச் சாமான்களை வைத்து நானே அச்சுத் தகடு செய்வதாக அறிவித்தேன். முதலில் செருப்புப் பெட்டி அட்டையில் சணலைப் பசை போட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஒட்டினேன். பெயிண்ட் பட்டதும் அட்டை ஊறி, விளக்கு கழன்று பத்திரிகையோடேயே போய்விட்டது. அடுத்து தெர்மாகோல் தட்டில் பேனாவால் கீறி விளக்கு வரைந்தேன், நன்றாகத்தான் வந்தது, பெயிண்ட் கெட்டியாக இருக்கிறதே என்று தின்னர் ஊற்றினேன், என் கண்ணெதிரிலேயே விளக்கு, தட்டு, எல்லாம் கரைந்து உள்ளே போனது. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு ரேகா ஓடிவந்து "அங்கிள், கேஸ் லீக்கா?" என்று கேட்டுவிட்டு மெயினையே அணைத்துவிட்டுப் போனாள். ராஜாமணி தின்னர் பாட்டிலை எடுத்துப் பரண் மேல் ஏற்றிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று அண்ணனான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. ஜெலட்டின் பவுடரை வெந்நீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி உறையவிட்டால் வழுவழுவென்று ஒரு தகடு கிடைக்குமாம். அதன் மேல் ரோலரால் வர்ணம் பூசி, ஓர் இலையை வைத்து, அட்டையை அமுக்கி எடுத்தால் இலையின் உருவம் அப்படியே விழுமாம். திருப்பாதிரிப்புலியூரில் கேக் சாமான் விற்கிற கடையில் பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்து, வீட்டில் ஒரு டப்பாவில் கொட்டி வைத்தேன். ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒரு கிழங்கு மாவு என்றுதான் நினைத்தேன், மச்சான், சத்தியமாக. எவர்சில்வர் தாம்பாளத்தில் உறைந்தது. வெற்றிலையை வைத்து அமுக்கினேன். நரம்பு நரம்பாக, பச்சை நிறத்தில், அட்டையில் ஒரு வெற்றிலை! வீடியோவில் ரப்பர் மாதிரி வளைந்த தகடு எனக்கு மட்டும் அடிக்கடி விரிசல் விட்டது, கடலூர் வெயில் என்று நினைத்துக்கொண்டு மறுபடி காய்ச்சி ஊற்றினேன். இசைவாணி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, சூப்பர்ப்பா" என்றபோது அவள் கண் கலங்கியது. என் கண்ணும்தான்.

இதோடு நின்றிருக்கலாம். முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணவாளன் அதைப் பூஜை அறையில் ஜோதிக்கு முன்னால் வைத்தார். "இலையும் தழையும் வச்சு அச்சா? இதான் சம்பந்தி ஜீவகாருண்யப் பத்திரிகை" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினார். அடுத்த வாரம் அவரே நம் வீட்டுக்கு வந்து, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, தாம்பாளத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்து, அட்டைகளை அமுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது, தைப்பூச அன்னதானத்துக்கும் இதே தகட்டில் நோட்டீஸ் அடித்துத் தரச் சொன்னார். நானும் பெருமையில் தலையாட்டினேன்.

அந்த நோட்டீசுக்காக இன்னொரு பாக்கெட் வாங்க நேற்று அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே, "இவ்ளோ ஜெலட்டின் வாங்கி என்னண்ணே பண்றீங்க, பேக்கரி வச்சிருக்கீங்களா?" என்றார். வள்ளலார் அன்னதான நோட்டீஸ் என்றேன். எண்ணுவதை நிறுத்திவிட்டார். "அண்ணே, இது மாட்டெலும்பு, தோலு எல்லாம் காய்ச்சி எடுக்கறதுண்ணே. பாக்கெட் மேல ப்ரவுன் புள்ளி இருக்கு பாருங்க. சைவத்துக்குன்னா கடல்பாசித் தூள்ல வாங்கணும்? அதுவும் இப்படித்தான் உறையும்." அங்கேயே கோதுமை மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் ஃபைலில் ஒரு கமாவைக் கூட விடாமல் படித்தவன் நான், பாக்கெட்டில் இருந்த புள்ளியைப் படிக்கவில்லை.

மச்சான், நான் என்ன செய்வேன்? மாட்டெலும்பில் அடித்த பத்திரிகை வடலூரில் ஜோதிக்கு முன்னால் இருக்கிறது. அந்த மனிதர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளைக்கு யாராவது வீடியோ பார்த்த பையன் அவரிடம் சொல்லிவிட்டால், வாக்குத் தவறிய வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்றுதானே சொல்வார்? இசைவாணி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நீங்கள் வைத்த சம்பந்தம், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். கடிதம் கண்டதும் வடலூருக்குப் பஸ் ஏறி, அவர் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் காலில் விழ வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கும் வரம் பெற்று வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த,
ஞானசேகரன்

பின்குறிப்பு: மச்சான், வடலூருக்குப் போக வேண்டாம்! கவரை ஒட்டும்போது மனசு கேட்காமல் நானே மணவாளனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.  அவர், "சம்பந்தி, நீங்க மறைச்சிருக்கலாம், மறைக்கல. இப்ப நான் சொல்றேன். எங்க செம்பியன் சென்னைக்கு வேலைக்குப் போனதுலருந்து பிரியாணி சாப்பிடறான். எங்களுக்காக மீனையே விட்ட மனுசன்கிட்ட இதை எந்த மூஞ்சோட சொல்றதுன்னு தூக்கமில்லாம கெடந்தேன். நீங்களும் தவறிட்டீங்க, நாங்களும் தவறிட்டோம். இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்று அவரும் அழுதார். சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ராஜாமணி நிற்கிறாள். "ஏங்க, நீங்க பவுடரை வாங்கியாந்த அன்னிக்கே ப்ரவுன் புள்ளியப் பாத்து அதைக் குப்பையில கொட்டிட்டேன். டப்பாவுல நான் போட்டு வச்சது கடல்பாசி. நீங்க அத்தனையும் அடிச்சது அதுலதான்" என்கிறாள். ஆகவே நம் பக்கம் ஒரு பாவமும் இல்லை. அதுதான் இப்போது என் பயமே. இது தெரிந்தால் தவறியவர் அவர் ஒருவர் மட்டும் என்று ஆகிவிடும், மனிதர் கூனிக் குறுகிப்போவார். உங்கள் தங்கை உங்களிடம் போனில் சொல்லி, நீங்கள் சந்தோஷத்தில் அவரிடம் சொல்லிவைக்கப் போகிறீர்கள் என்றுதான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். மூச்சு விடாதீர்கள் மச்சான். தாலி ஏறும்வரை அது மாட்டெலும்பாகவே இருக்கட்டும்.