தங்கத்தாளில் சுற்றிய வடகம்

கையில் காசில்லாத நேரத்தில்தான் மனிதனுக்குக் கைவேலையின் அருமை தெரிகிறது. சம்பளம் வந்த வாரத்தில் யாரும் 'என் கையால செஞ்சது' என்று பரிசு தருவதில்லை. கடையில் வாங்கி, விலைச்சீட்டைக் கிழிக்க மறந்த மாதிரி நீட்டுகிறார்கள். நான் காதலித்த காலத்தில் எனக்குச் சம்பளம் வந்த வாரம் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். ஸ்டெல்லா அங்கே கணக்கு பார்த்தாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. மகள் ஒரு மில் தொழிலாளியின் மகனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோது அவர் கத்தவில்லை. "கிறிஸ்மஸ் அன்னிக்கு சாப்பிட வரச் சொல்லு, பாக்கறேன்" என்றாராம். அந்தப் 'பாக்கறேன்' என் தூக்கத்தைக் கெடுத்தது. பாரிஸிலிருந்து அவர் தங்கையும் வந்திருந்தார். நான் தேறாவிட்டால் ஸ்டெல்லாவை அத்தையோடு பாரிஸுக்கு ஏற்றிவிடுவதாகப் பேச்சு.

வெறுங்கையோடு போக முடியாது. பேக்கரி கேக்கோ என் தகுதிக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. "அப்பாவுக்குத் தாளிப்பு வடகம்னா உசுரு. கடை வடகத்தப் போட்டா கொழம்பையே தள்ளி வெச்சிடுவாரு" என்றாள் ஸ்டெல்லா. வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம். எல்லாம் வீட்டில் இருப்பவை. துள்ளிக்குதித்து ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கேட்டேன்.

"மார்கழியில எவனாவது வடகம் போடுவானாடா? அது சித்திர வெயில்ல போடறது. வெளிய மழ பேஞ்சிகினு இருக்குது, கண்ணு தெரியல?"

"போன சித்திரையில போட்டது?"

"தீவாளியோட தீந்துபோச்சி."

சரி, நானே போட்டுவிடுகிறேன் என்று இறங்கினேன். (அம்மா செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனாயிற்றே! கிரிக்கெட்டைக்கூடத்தான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.) வெங்காயத்தை இடித்து, சாமான்களைச் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டினேன். உருண்டைகளை மாடிக்குக் கொண்டுபோனால் மழை வரும். கீழே கொண்டுவந்தால் நின்றுவிடும். மின்விசிறிக்கு அடியில் வைத்தேன், காயவில்லை. கடைசியில் பழைய வேட்டியை விரித்து, உருண்டைகளை வைத்து, மேலே இன்னொரு மடிப்புப் போட்டு அயர்ன் பண்ணினேன். அதன்பிறகு நான் தேய்த்துப் போட்ட சட்டையெல்லாம் பூண்டு மணந்தது. டைப்பிங் பழக வந்த பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குப் போட்டி போட்டார்கள்.

அமுங்கியதைத் திரும்ப உருட்டி வைத்தேன். வெளியே கறுத்துப் பளபளவென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். உள்ளே பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

வாசனைதான் பிரச்சினை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "எலி எதுனா செத்துகிது பாரு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் சாக்லேட் செய்பவர்களுக்காகக் கடையில் தங்கநிறத் தாள் விற்கும். அதை வாங்கி, ஒவ்வொரு உருண்டையையும் முதலில் பிளாஸ்டிக்கிலும் பிறகு தங்கத்தாளிலும் இறுக்கிச் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டினேன். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

கிறிஸ்மஸ் அன்று நிமிர்ந்த முதுகும் நரைத்த மீசையுமாக ஸ்டெல்லாவின் அப்பா கதவைத் திறந்தார். பெட்டியைக் கொடுக்கும்போது சொல்வதற்கு நாலு வரி தயார் செய்திருந்தேன். அவர் கைகுலுக்கிய வேகத்தில் நாலும் உதிர்ந்துவிட்டன. வடகம் என்று ஸ்டெல்லா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

சாப்பாடு முடிந்து ஸ்டெல்லா சமையலறைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தார்கள்.

"வூட்லயே செஞ்சதா தம்பி?" என்றார் அவர்.

"ஆமாங்க. நானே செஞ்சேன்."

"இந்தக் காலத்துல எந்தப் பையன் இவ்ளோ மெனக்கெடறான்!" என்றார் தாந்த். (அத்தையை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நான் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அண்ணனும் தங்கையும் சாக்லேட் என்று நினைத்து ஆளுக்கொரு உருண்டையை முழுசாக வாயில் போட்டிருந்தார்கள். தாந்துக்கு வந்ததிலிருந்தே சளி, அதை அண்ணனுக்கும் ஒட்டவைத்திருந்தார், இருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. நாக்கு வேலை செய்தது.

தாந்த் வாஷ்பேசினுக்கு ஓடினார். அங்கிருந்து பிரெஞ்சில் ஆண்டவரைக் கூப்பிடுவது கேட்டது. ஸ்டெல்லாவின் அப்பா மட்டும் அசையவில்லை. விருந்தாளி கொண்டுவந்ததைத் துப்புகிற வழக்கம் அவரிடம் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மென்றார். கடுகு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"ஐயோ அப்பா, அது கொழம்புக்கு!" என்று ஓடிவந்தாள் ஸ்டெல்லா.

"தெரியுது," என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "வெயில்ல காய வெக்கல?"

"வெயிலே வரலீங்க. அயர்ன் பாக்ஸ்ல..."

"அயர்ன் பாக்ஸ்லயா?"

"ஆமாங்க. காட்டன்ல வெச்சேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து, பாரிஸ் விமானத்தில் ஸ்டெல்லா ஏறுவதை நான் மனதில் பார்த்துவிட்டேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர்தான், ஆனால் சிரிப்பால்.

"சாமான் அளவெல்லாம் சரியா இருக்குது. உள்ள காயல, அவ்ளோதான். சித்திரையில ஒழுங்கா வெயில்ல வெச்சி எடுத்துகினு வா, பேசிக்கலாம். அதுவரிக்கும் இவ எங்கயும் போவல."

புதுச்சேரியின் சித்திரை வெயிலுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மொட்டைமாடியில் காக்கா ஓட்டிக் காயவைத்து, தங்கத்தாளெல்லாம் இல்லாமல் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனேன். மீன்குழம்பில் தாளித்துச் சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஒங்க அம்மா அப்பாவ எப்ப கூட்டிகினு வர்ற?" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்றுவரை நான் எந்த இனிப்பை நீட்டினாலும், கடை முத்திரையோடு இருந்தாலும், "மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்பார்கள். நான் மென்று விழுங்கும்வரை குடும்பமே என் முகத்தைப் பார்க்கும். என் மகளும் அதில் சேர்த்தி. மாமா ஒருவர்தான் என் கையிலிருந்து எடுத்ததைப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார், அவருடைய கடைசிக் கிறிஸ்மஸ் வரைக்கும். இப்போதும் டிசம்பரில் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துக்கொண்டே முதல் துண்டை எடுக்கிறேன். கை மட்டும், பழக்கத்தில், பெட்டியை முதலில் அவருடைய நாற்காலிப் பக்கம் நீட்டிவிடுகிறது.