மேனேஜரின் கால்கள்

“சிரிக்காதீங்க மாப்பிள்ளை! சிரிச்சா எவன் பணம் போடுவான்?”

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜர் உதட்டை மடித்துக்கொண்டார். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரு கம்பளி அவரைப் போர்த்தியிருந்தது. எதிரே அவர் மனைவியின் அண்ணன், செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி முழங்காலிட்டிருந்தார். மச்சானுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இணையத்தைப் பற்றி ஏதோ தன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி பேசுவார்.

“இது சோகமில்ல, பசி. இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து வரணும்.”

மேனேஜர் உள்ளே தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் சுபாவத்திலேயே சந்தோஷமான மனிதர்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் சின்னச் சங்கம் அது. அங்கே சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்தான் என்பதால் அவரே மேனேஜர், அவரே காவல்காரர், பெருக்குவதும் அவரே. கிடங்கில் பாதி நாற்காலிகள் டயர் போய், பிரேக் போய்க் குவிந்து கிடந்தன. வாசலில் வைத்த நன்கொடைப் பெட்டியில் போன மாதம் விழுந்தவற்றில் ஒரு சட்டைப் பொத்தானும் சேர்த்தி. “பெட்டிக் காலமெல்லாம் போச்சு மாப்பிள்ளை, நெட்ல ஒரு பக்கம் திறப்போம்” என்று மச்சான் வந்து இறங்கியது அதனால்தான்.

இரவல் வாங்கியவர்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாம். சங்கத் தலைவி விடவில்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. “உதவி வாங்கின ஒரே காரணத்துக்காக ஒருத்தங்க ஊர் முன்னாடி முகத்தைக் காட்டணுமா? கூடாது” என்று சொல்லிவிட்டார். ஆகவே மேனேஜர் முகம்.

கதவு திறந்தது. தலைவி எட்டிப் பார்த்தார்.

“மேனேஜர், போன மாச ரிப்போர்ட் என்னாச்சு?”

க்ளிக்.

“அபாரம்!” என்றார் மச்சான்.

படம் அன்றே ஏறியது. கீழே, ‘இந்தக் கால்களுக்கு உங்கள் கைகள் தேவை’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே பணம் அனுப்ப ஒரு பட்டன். மச்சான் அதைக் குடும்பக் குரூப்பில் போட்டார். குடும்பம் அதை ஊர் பூராவும் போட்டது.

மறுநாள் காலை முதல் போன் மனைவியின் பெரியம்மாவிடமிருந்து. “ஏண்டி, இவ்வளவு நடந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று அழுதார். அடுத்து, கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். “சார், நீங்க கீழே வந்துடுங்க, நாங்க மேலே வந்துடறோம். உங்களுக்குப் படி ஏற முடியாதே” என்று தழுதழுத்தார். நடந்து வந்து கதவைத் திறந்தது மேனேஜர்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்தக் குழப்பத்தில் நேரமாகிவிட்டது. மேனேஜர் தெருமுனையில் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தார். ‘நேத்து நாற்காலி, இன்னைக்கு ஓட்டப்பந்தயமா?’ என்று யாரோ அதை வீடியோ எடுத்துச் சங்கத்தின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்.

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது நல்ல அறிகுறியல்ல.

“உள்ளதைப் போடுங்க. படத்துல இருக்கறவர் நல்லா நடப்பார்னு போடுங்க.”

மச்சான் போட்டார். ஆனால் அந்த வாக்கியம் அவருக்குச் சப்பென்று இருந்தது. ‘இதோ, இவர் நடக்கிறார்!’ என்று திருத்தி, பஸ்ஸைத் துரத்தும் வீடியோவைத் தூக்கி உச்சியில் வைத்தார்.

பணம் கொட்டியது. கூடவே போன்களும்.

“எந்த டாக்டர் சார்?”

“மருந்தா, ஊசியா?”

“எங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் நடக்கிறார். ஓடத்தான் மாட்டேங்கிறார். அதுக்கு ஏதாவது இருக்குங்களா?”

“எனக்கு ஒண்ணுமே ஆகலைங்க” என்று மேனேஜர் ஒவ்வொருவரிடமும் மன்றாடினார். “எவ்வளவு அடக்கம்!” என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் அனுப்பினார்கள்.

“நாம எழுதினது பொய்யில்ல. ஆனா அதைப் படிச்சு இவங்க நம்பறது பொய்தான்” என்றார் தலைவி. “முதல்ல அந்த முகத்தை எடுங்க.”

முகத்தை எடுத்தார்கள். அதே இடத்தில் வெறும் நாற்காலியை மட்டும் படம் பிடித்துப் போட்டார் மச்சான். சும்மா போட்டிருந்தாலும் பரவாயில்லை. பார்க்கக் கௌரவமாக இருக்கட்டும் என்று கறுப்பு வெள்ளையில் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் முதல் ‘ஆழ்ந்த இரங்கல்’ வந்தது. அதன்பின் அவை வரிசை கட்டின. ‘அவர் ஓடாமலாவது இருந்திருக்கலாம்’ என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார்.

வேலை செய்யும் இடத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

“இங்கே எல்லாரும் எழுந்து மௌனமா நின்னாங்க. நான் மட்டும் உட்கார்ந்திருந்தா நல்லா இருக்காதேன்னு நானும் நின்னேன்.”

“சரிதான்.”

“வரும்போது பால் வாங்கிட்டு வந்துடுங்க.”

மேனேஜர் நேரே தலைவியிடம் போனார். வந்த பணமெல்லாம் திரும்பிப் போய்விடும், நாற்காலிகள் அப்படியே கிடக்கும், எல்லாம் தன் மூஞ்சியால் வந்த வினை. அவருக்கு இப்போது உள்ளேயிருந்தே சோகம் வந்தது.

“மேடம், நான் ராஜினாமா பண்ணிடறேன்.”

“செத்துப்போன ஆள் எப்படி ராஜினாமா பண்ணுவார்? முதல்ல உயிரோட வாங்க.”

அன்று மாலை எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் வந்தார்கள். தலைவி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மேனேஜர் உட்கார்ந்தார், எழுந்தார், ஒற்றைக் காலில் குதித்தும் காட்டினார். “ஏமாந்துட்டோம்னு நினைக்கிறவங்க எழுதுங்க. பணத்தைத் திருப்பிடறோம்” என்று தலைவி முடித்தார்.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

‘சிரிச்சு வயிறு வலிக்குது. பணம் இருக்கட்டும், இன்னொரு தடவை குதிங்க’ என்று வந்தது முதல் பதில். ‘மாப்பிள்ளை, இளைச்சுட்டீங்களே, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க’ என்று பெரியம்மா எழுதியிருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அது மச்சான். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போய், தவறுதலாக இரண்டு தடவை அழுத்திவிட்டாராம்.

அந்த வாரமே கிடங்கில் மெக்கானிக்கின் சுத்தியல் சத்தம் கேட்டது. புது டயர் வாசனை அலுவலகம் வரை வந்தது. மேனேஜர் ஒவ்வொரு நாற்காலியையும் உருட்டிப் பார்த்து, பிரேக் பிடித்துப் பார்த்து, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் முதுகில் தட்டி வரிசையில் நிறுத்தினார். தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்.

அப்போது வாசலில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. இறங்கியவருக்குக் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே வராமல் தயங்கி நின்றார். கையிலிருந்த செல்போனில் கறுப்பு வெள்ளை நாற்காலி.

“பாவம், அன்னைக்கு நாம பேசினதைப் பார்க்கல போல” என்று மச்சான் கிசுகிசுத்தார்.

தலைவி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கம்பளி போர்த்திய படம், பஸ், மச்சான் திருத்திய வாக்கியம், முகத்தை எடுத்தது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் விளக்கினார். வந்தவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று மேனேஜர் மறுபடி குதித்துக் காட்டினார்.

அவர் குதித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, வந்தவர் மெதுவாகக் கேட்டார்:

“நீங்க நல்லா நடக்கிறதுல ரொம்ப சந்தோஷம் சார். எங்க அம்மாதான் நடக்க முடியாம இருக்காங்க. நாற்காலி காலியா இருக்குன்னு போட்டிருந்தீங்களே... அதுக்கு வேற யாரும் சொல்லி வைக்கலையே?”